சிகரெட் பெட்டிக்குள் பேஸ்பால் வீரர்கள்

அமெரிக்காவின் தொடக்ககாலப் பேஸ்பால் அட்டைகளில் பெரும்பாலானவை சிகரெட் விற்பதற்காக அச்சிடப்பட்டவை. 1880-களில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டன. சட்டைப்பையில் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை செருகப்பட்டது. அந்த வெற்று அட்டையில் படம் அச்சிட்டால் விளம்பரமும் ஆயிற்று. நடிகைகள், பறவைகள், நாட்டுக்கொடிகள் என எல்லாம் அச்சாயின. ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் 1887-இல் வெளியிட்ட 50 விளையாட்டு வீரர்களின் வரிசையில் 10 பேர் பேஸ்பால் வீரர்கள்.

நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட்டுக்காக 1886 முதல் 1890 வரை நூற்றுக்கணக்கான வீரர்களின் உண்மையான புகைப்படங்களை வெளியிட்டது. அக்காலக் கேமராவால் ஓடும் பந்தைப் பிடிக்க முடியாது. ஆகவே ஸ்டுடியோவில் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வீரர் அதைப் பிடிப்பதுபோல நிற்கவைத்துப் படமெடுத்தனர். சில அட்டைகளில் நூல் தெளிவாகவே தெரிகிறது.

1890-இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் ஜேம்ஸ் டியூக்கின் தலைமையில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியாக இணைந்தன. போட்டி குறைந்ததும் அட்டைகளும் குறைந்தன.

அந்நிறுவனமே 1909 முதல் 1911 வரை, இன்று டி206 என்று அறியப்படும் வரிசையை வெளியிட்டது. முன்புறம் வண்ணத்தில் வீரரின் படம், பின்புறம் சிகரெட் விளம்பரம். 500-க்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட இவ்வரிசையில் கறுப்பின வீரர் ஒருவரும் இல்லை. அன்றைய முதன்மை லீக்குகளில் அவர்களுக்கு இடமில்லை. அட்டைகளை மிகவும் விரும்பியவர்கள் புகைபிடிக்கும் வயதை எட்டாத சிறுவர்கள். கடைவாசலில் நின்று, சிகரெட் வாங்கி வருபவர்களிடம் அட்டையைக் கேட்டு வாங்கினர்.

பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் தன் படத்தைப் பயன்படுத்த மறுத்ததால் அவருடைய அட்டை விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் அதற்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது பரவலான விளக்கம். பணம் தராததே காரணம் என்போரும் உண்டு. வாக்னர் புகையிலை மெல்லுபவர். முன்பு ஒரு சுருட்டுக்குத் தன் பெயரையும் அளித்தவர். எனவே முதல் விளக்கத்தை மட்டும் அப்படியே ஏற்பது கடினம். இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

எஞ்சியுள்ள வாக்னர் அட்டைகள் ஏறத்தாழ 60. அவற்றில் ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. இன்னொன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக் வழங்கிய 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப்பொருட்களுக்கிடையே உள்ளது. டி206 என்ற எண்ணும் அவருடைய அட்டவணையிலிருந்து வந்ததே.