மீட்பு: அடகுக் கடையிலிருந்து ஆலயம் வரை ஒரு சொல்லின் பாதை

'மீட்பு' என்ற சொல் 'மீள்' என்ற வினையடியிலிருந்து வந்தது. தன்வினையாக நிற்கும்போது அது திரும்பி வருதலைக் குறிக்கும்: மீண்டான், மீள்கிறான், மீள்வான். பிறவினையானால் திரும்பக் கொண்டுவருதல்: மீட்டான், மீட்கிறான், மீட்பான். 'கேள்' என்பது 'கேட்பு' ஆவதுபோல ளகரம் டகரமாகி 'மீட்பு' அமைந்தது. 'மீண்டும்' என்ற அன்றாடச் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒருபோதும் தன்னுடையதாக இல்லாத பொருளை வாங்கலாம், கவரலாம், பரிசாகப் பெறலாம், மீட்க முடியாது. மீட்கப்படும் பொருள் முன்பே ஒருவருக்கு உரியதாக இருந்து, இடையில் கைமாறிப் போயிருக்க வேண்டும். கிறிஸ்தவ இறையியல் மனிதனைப் பற்றிச் சொல்வதன் சுருக்கமும் இதுதான். மனிதன் கடவுளுக்கு உரியவனாகப் படைக்கப்பட்டான், பாவத்தின் கையில் சிக்கினான், கிறிஸ்துவால் திரும்பப் பெறப்பட்டான் என்ற மூன்று படிகளும் இந்த ஒரு வினையடியில் அடங்கிவிடுகின்றன.

தொறுவும் நகையும்

தமிழில் மீட்டலின் பழைய களம் போர். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள் அடக்கியது; பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாக்கியது. செங்கம், தருமபுரிப் பகுதிகளின் நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்ற வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. தொறு என்பது மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். மந்தை ஊருக்குத் திரும்பியது, மீட்டவன் திரும்பவில்லை. கல்லில் பொறித்த இந்தத் தொடரில் மீட்பின் விலை உயிர்.

இன்னொரு களம் கடன். ஒற்றிக்கு வைத்த நிலத்தை மீட்பார்கள். அடகு வைத்த நகையை மீட்பார்கள். பேச்சுவழக்கில் 'நகையைத் திருப்பணும்' என்பார்கள். தவணை தவறி உரிமை போய்விட்டால் 'நகை மூழ்கிவிட்டது'. இங்கே விலை பணம்: அசலும் வட்டியும். அடகுக் கடைப் பெட்டகத்தில் கிடக்கும் சங்கிலி அப்போதும் அந்த வீட்டுச் சங்கிலிதான். ஆனால் கல்யாணத்துக்குக் கழுத்தில் போட முடியாது. உரிமை இருக்கிறது, கைவசம் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையை நினைவில் கொண்டால் கிறிஸ்தவம் மனித இயல்பைப் பற்றிச் சொல்வது எளிதில் விளங்கும்.

எபிரேயத்தில்: உறவினனின் கடமை

விவிலியத்தின் எபிரேயப் பகுதியில் மீட்டலுக்கு இரண்டு வினைகள் முக்கியமானவை. ஒன்று 'பாதா': ஈடு கொடுத்து விடுவித்தல். கழுதையின் தலையீற்றுக்கு ஈடாக ஓர் ஆட்டுக்குட்டி, மனிதரின் தலைப்பிள்ளைக்கு ஈடாக ஐந்து வெள்ளிச் செக்கேல் என்று சட்டம் வகுத்தது. இன்னொன்று 'காஅல்'. அதைச் செய்பவன் 'கோயேல்'. இந்தச் சொல்லில் பணத்தைவிட உறவுக்கே முதலிடம். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தின்படி, வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றால் நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும். வறுமையால் தன்னையே அந்நியனுக்கு விற்றுவிட்டால், அவனையும் உறவினர் மீட்கலாம்.

ரூத்து நூலின் 4ஆம் அதிகாரம் இந்த வழக்கம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. பெத்லகேம் ஊர் வாயிலில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்து, போவாசு என்பவர் தம் உறவினரான நகோமியின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார். அவரைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருக்கிறான். நிலத்தை மீட்க முதலில் சம்மதிக்கும் அவன், அதோடு நகோமியின் மருமகள் ரூத்தையும் மனைவியாக ஏற்க வேண்டும் என்றதும் பின்வாங்குகிறான். தன் காலணியைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விடுகிறான். மீட்பு அங்கே ஊரறிய நடக்கும் சொத்து விவகாரம்.

இதே சொல்லை எபிரேய நூல்கள் கடவுளுக்கும் சூட்டின. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரயேலரை விடுவித்தவர் கோயேல். பாபிலோனில் சிறைப்பட்டவர்களை அழைத்துவரப் போகிறவரும் கோயேல் என்கிறது எசாயா நூலின் பிற்பகுதி. பார்வோனுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. கடவுளைச் சொல்லும்போது இந்தச் சொல்லிலிருந்து விலை விலகிக்கொள்ள, உறவு மட்டும் நின்றது.

கிரேக்கத்தில்: விடுதலையின் விலை

கிரேக்கத்தில் 'லூத்ரோன்' என்பது போர்க் கைதியையோ அடிமையையோ விடுவிக்கக் கொடுக்கும் பணம். மாற்கு நற்செய்தி 10:45இல் இயேசு தம் உயிரைப் பலருக்காகக் கொடுக்கும் லூத்ரோனாகச் சொல்கிறார். அதிலிருந்து கிளைத்த 'அப்பொலூத்ரோசிஸ்' பவுலின் மடல்களில் மீட்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. லத்தீனில் இது 'ரெதெம்ப்சியோ': திரும்ப வாங்குதல்.

அந்தக் காலத்தில் அடிமை விடுதலை எப்படி நடந்தது என்பதற்குத் தெல்பி நகரின் கற்கள் சாட்சி. கி.மு. 2ஆம் நூற்றாண்டு முதல் பொறிக்கப்பட்ட விடுதலைப் பத்திரங்கள் ஆயிரத்துக்கும் மேல் அங்கே கிடைத்துள்ளன. அவற்றின்படி அடிமையை உரிமையாளர் அப்போலோ தெய்வத்துக்கு 'விற்கிறார்'. பணம் பெரும்பாலும் அடிமை சேர்த்து வைத்ததுதான். தெய்வத்தின் பெயரில் வாங்கப்பட்டவரை இனி எந்த மனிதரும் அடிமையாக்க முடியாது. 'விலை கொடுத்து வாங்கப்பட்டீர்கள்' என்று பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதன் பின்புலம் இந்த வழக்கமே என்று ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் டைஸ்மன் 1908இல் வாதிட்டார். பவுல் கையாண்ட வினை தெல்பிக் கல்வெட்டுகளின் வினை அல்ல என்று பின்வந்தோர் மறுத்தனர். ஆயினும் அடிமைச் சந்தையை அறிந்த ஒரு நகரத்தில் அந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அந்தக் கற்கள் காட்டுகின்றன.

எதிலிருந்து மீட்பு?

எபிரேயத்தில் பாவத்துக்குப் பல சொற்கள். 'பேஷா' என்றால் கலகம்; 'அவோன்' என்றால் கோணல்; 'ஹத்தாத்' என்பதன் வேருக்குக் குறி தவறுதல் என்று பொருள். நீதித் தலைவர்கள் 20:16இல் ஒரு மயிரிழையைக்கூடக் குறி தவறாமல் கவண் எறியக்கூடிய இடக்கை வீரர்கள் எழுநூறு பேர் வருகிறார்கள். அங்கே 'தவறுதல்' என்பதற்கு அதே வினைதான். கிரேக்க 'ஹமார்த்தியா'வும் அப்படியே. ஹோமரின் காவியத்தில் ஈட்டி இலக்கைத் தப்புவதை அதன் வினை குறித்தது.

பவுல் இதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனார். உரோமையர் மடலில் பாவம் செய்யும் செயலாக மட்டும் நிற்கவில்லை. மனிதனை ஆளும் எசமானாக ஒருமையில் நிற்கிறது. மனிதன் அதற்கு விற்கப்பட்டவன். பாவத்தை அடிமைத்தனமாகச் சொன்ன பிறகு, அதிலிருந்து வெளியே வருவதற்கு மீட்பைத் தவிரப் பொருத்தமான சொல் இல்லை.

இந்த நிலை பிறப்போடு வருவது என்று விளக்கியவர் ஹிப்போ ஆயர் அகுஸ்தினார் (354–430). உரோமையர் 5:12இன் இறுதித் தொடரை லத்தீன் மொழிபெயர்ப்பு 'அவனில் எல்லாரும் பாவம் செய்தனர்' என்று படிக்க இடம் தந்தது. கிரேக்க மூலத்தைப் பெரும்பாலோர் இன்று 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்றே கொள்கின்றனர். ஆதாமில் மனிதகுலம் முழுவதும் விழுந்தது என்ற அகுஸ்தினாரின் வாதத்துக்கு அந்த லத்தீன் பாடம் வலுச் சேர்த்தது. மனிதன் தன் விருப்பத்தால் நன்மையைத் தேரும் ஆற்றல் உடையவன் என்ற பெலாஜியுசின் கருத்தைக் கார்த்தேஜ் சங்கம் 418இல் தள்ளியது. பாவநிலை பிறப்போடு வருகிறது என்ற போதனையைத் திரெந்து பொதுச்சங்கம் 1546இல் திரும்பவும் வரையறுத்தது. மனித இயல்பு காயப்பட்டது, அழிந்துபோகவில்லை என்பது கத்தோலிக்கர் நிலை. சீர்திருத்தவாதிகளான லூத்தரும் கால்வினும் சிதைவு அதைவிட ஆழமானது என்றனர். கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகள் ஆதாமிடமிருந்து வந்தது குற்றமல்ல, சாவும் அதன் பலவீனமும் என்கின்றன. அளவில் வேறுபட்டாலும் ஒரு புள்ளியில் எல்லாரும் ஒன்றுபடுகின்றனர்: பாவம் மனித இயல்பின் தொடக்கம் அல்ல, இடையில் வந்தது.

தமிழில் 'பாவம்' வடமொழி 'பாப'த்தின் திரிபு. திருக்குறளிலேயே இடம்பெற்ற சொல். ஆனால் பேச்சில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மழையில் நனைந்துகொண்டு நிற்பவரைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்போம். அங்கே பாவம் குற்றத்தைக் குறிப்பதில்லை, இரங்கத்தக்க நிலையைக் குறிக்கிறது. கிறிஸ்தவத்தால் வந்த பொருள் அல்ல இது. எனினும் பாவத்தைச் செயலாக மட்டும் பாராமல் மனிதன் சிக்கியிருக்கும் நிலையாகப் பார்த்த அகுஸ்தினாரின் போதனைக்குத் தமிழ்ப் பேச்சு அறியாமலேயே பக்கத்தில் நிற்கிறது.

விலை யாருக்கு?

மீட்புக்கு விலை உண்டு என்றால் அதைப் பெற்றுக்கொண்டவர் யார்? சொல்லின் உருவகத்தை நேர்ப்பொருளாக எடுத்துக்கொண்டதும் இந்தக் கேள்வி எழுந்தது. 3ஆம் நூற்றாண்டின் ஒரிஜன் அது சாத்தானுக்குப் போனதாக விளக்கினார். 4ஆம் நூற்றாண்டின் நிசா நகர் கிரகோரியார், கிறிஸ்துவின் மனித உடலைத் தூண்டில் இரையாகவும் உள்ளிருந்த இறைத்தன்மையை முள்ளாகவும் உவமித்தார்; இரையை விழுங்கிய சாத்தான் சிக்கிக்கொண்டான். அவருடைய நண்பரான நசியான்சு கிரகோரியார் இதை ஏற்கவில்லை: கொள்ளையனுக்கு விலை கொடுப்பதா என்று கேட்டார்.

இறையியலாளர் அன்செல்ம் 1098 வாக்கில் முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலில் கணக்கைத் திருப்பினார். கடன் சாத்தானிடம் அல்ல, கடவுளிடம். அவருக்குச் செலுத்தாமல் விட்ட மாண்பே அந்தக் கடன். கடன்பட்டவன் மனிதன், தீர்க்கும் ஆற்றல் கடவுளுக்கே உண்டு. ஆகவே இரண்டுமானவர் வர வேண்டியிருந்தது. அபெலார் விலையை விட்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனிதனைத் திருப்புவதைப் பேசினார். கால்வின் மீட்பை நீதிமன்ற மொழியில், பிறர் தண்டனையை ஏற்றலாகச் சொன்னார். சுவீடன் இறையியலாளர் குஸ்தாப் ஔலன் 1930இல், தொடக்கத் திருச்சபை மீட்பைக் கடவுள் தீய ஆற்றல்களோடு போரிட்டு வென்றதாகவே கண்டது என்று வாதிட்டார். தமிழ்ச் சொல்லின் இரு களங்களில் வைத்துப் பார்த்தால், அன்செல்ம் கடன் பத்திரத்தைப் படிக்கிறார். ஔலன் நடுகல்லைப் படிக்கிறார்.

தமிழ் விவிலியத்தில்

கொல்லத்தில் 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதல் தமிழ்க் கிறிஸ்தவக் கலைச்சொற்கள் பல கைகளில் உருவாயின. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி வடமொழிச் சார்பான சொற்களைத் தேர்ந்தார். ஆதாமின் பாவத்துக்குக் கத்தோலிக்கரிடையே நிலைத்த பெயர் 'சென்மப் பாவம்'. முற்பிறவி வினை என்று கேட்பவர் புரிந்துகொள்ளும் அபாயம் அதில் இருந்தது. மறுபிறவிக் கொள்கையை மறுத்து 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்று ஒரு நூலே நோபிலி எழுத வேண்டியிருந்தது.

மீட்புக்கு நெடுங்காலம் போட்டியாக இருந்தது 'இரட்சிப்பு'. வடமொழி 'ரக்ஷ்' என்றால் காத்தல். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு இரண்டையும் பிரித்தே ஆண்டது. 'சோத்தேரியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு இரட்சிப்பு. 'அப்பொலூத்ரோசிஸ்' என்பதற்கு மீட்பு. 'லூத்ரோன்' என்பதற்கு 'மீட்கும் பொருள்'. ஆனால் கோயேல் அதில் மூன்றாகப் பிரிந்துபோனார்: யோபு நூலில் 'மீட்பர்', ரூத்து நூலில் 'சுதந்தரவாளி', கொலையுண்டவனின் உறவினனாக வரும்போது பழிவாங்க வேண்டியவன். மூவரும் ஒரே சொல் என்பது தமிழ் வாசகருக்குத் தெரிய வழியில்லை. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட காவியமும் 'இரட்சணிய யாத்திரிகம்' என்றே பெயர் பெற்றது.

கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் இரட்சிப்பு மறைந்தது. பூசை திருப்பலியாகவும் ஞானஸ்நானம் திருமுழுக்காகவும் மாறிய காலம் அது. லூக்கா 2:11இல் இடையர்களுக்கு அறிவிக்கப்படும் 'இரட்சகர்' இங்கே 'மீட்பர்'. மாற்கு 10:45இல் 'மீட்கும் பொருள்' போய் 'ஈடு' வந்தது. மொழி தெளிந்தது, ஆனால் காத்தலுக்கும் திரும்பப் பெறுதலுக்கும் இடையே பழைய பதிப்பு வைத்த வேலி மறைந்தது.

சைவம் சொல்லும் 'வீடு' என்பதோடு ஒப்பிட்டால் மீட்பின் தனித்தன்மை தெரியும். வீடு 'விடு' என்பதிலிருந்து வந்தது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் செம்பில் களிம்புபோல உயிரோடு தொடக்கமின்றியே இருப்பது. அது விலகுவது முன்பிருந்த தூய நிலைக்குத் திரும்புதல் ஆகாது. கிறிஸ்தவத்தில் பாவத்துக்குத் தொடக்கம் உண்டு. ஆகவே 'மீள்' என்ற வினை அங்கே பொருந்துகிறது.

இன்று

இன்றைய செய்தித் தமிழில் கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதும் மீட்பு. தமிழ்நாட்டின் தீயணைப்புத் துறையின் பெயரிலேயே 'மீட்புப் பணிகள்' இருக்கிறது. இந்த வழக்கில் விலையும் இல்லை, முன்பிருந்த உரிமையும் இல்லை. இரட்சிப்பின் பொருளே மீட்புக்குள் குடியேறியிருக்கிறது. வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து சிலை மீட்பு, ஆக்கிரமிப்பிலிருந்து கோயில் நில மீட்பு என்னும்போது பழைய பொருள் முழுமையாக நிற்கிறது. கொத்தடிமை மீட்பில் இரண்டு பொருளும் சேர்கின்றன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமையின் கடனையே ஒழித்துவிடுகிறது. செங்கல் சூளை முதலாளிக்கு யாரும் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பார்வோனுக்கு விலை கொடுக்காமல் நடந்த பழைய மீட்பும் இந்த வகையைச் சேர்ந்ததே.