எந்த நிரல்மொழியைக் கற்பது?

கெடா மாநிலம், கோலமூடா மாவட்டத்திலுள்ள சிடாம் கிரியின் பெயரை முதன்முறை கேட்கும் தமிழர், அங்கே ஒரு மலை இருக்கும் என்றே எண்ணுவர். மலாய் மொழியிலோ 'கிரி' என்பது இடப்புறத்தைக் குறிக்கும் சொல்லாகும். வலப்புறத்தைக் குறிக்கும் 'கானான்' என்ற சொல்லைப் பெற்ற சிடாம் கானான், அண்டையிலுள்ள கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது. ஒலி ஒன்றே; மொழி மாறியதும் பொருள் மாறிவிடுகிறது. மாந்தரிடையே இத்தகைய மயக்கம் நகைப்போடு முடிந்துவிடும். கணினியிடம் அவ்வாறன்று. ஒன்றும் சுழியுமாகிய இரண்டே குறிகளை அறிந்த அப்பொறிக்கு மனிதர் எழுதும் கட்டளையை ஐயமின்றி மாற்றித் தருதல் வேண்டும். அப்பணிக்கெனப் பிறந்தவையே நிரல்மொழிகள்.

மாற்றித் தருவதில் இரு முறைகள் உண்டு. மேடைப் பேச்சை வரிவரியாக உடனுக்குடன் மொழிபெயர்ப்பது ஒரு முறை. நூல் முழுவதையும் மொழிபெயர்த்து, பிழை நோக்கி, அச்சிட்டு வழங்குவது மற்றொரு முறை. இரண்டாம் முறையைப் பின்பற்றும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். அது எழுத்துகளைச் சேர்த்துச் சொற்களை அறியும். சொற்கள் தொடராகும் முறைமையை ஆராயும். பின்னர்ப் பொருள் பொருந்துகிறதா என்று பார்க்கும். தொல்காப்பியப் பொருளதிகாரம் பேசும் பொருள் வேறாயினும், எழுத்து, சொல், பொருள் என்னும் வரிசையைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இந்நடைமுறை முற்றிலும் அயலானதன்று.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவான போர்ட்ரான் 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது அறிவியல் கணக்குகளுக்கு உரியது. வணிகக் கணக்குகளுக்கெனக் கோபால் என்னும் மொழி 1960இல் வந்தது. இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வாதத்தைவிட, எப்பணிக்கு எது என்பதே அக்காலத்து வினாவாக இருந்தது.

இந்தியாவில் அவ்வினாவுக்கு விடை கண்ட இடங்களுள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் குறிப்பிடத்தக்கது. 1963ஆம் ஆண்டில் அங்கு ஐ.பி.எம். 1620 கணினி நிறுவப்பட்டது. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராஜாராமன் அங்கே போர்ட்ரானைக் கற்பித்தார். கழக மாணவர்களோடு பிற நிறுவனங்களைச் சேர்ந்த அறிவியலாளரும் பொறியாளரும் அங்கு வந்து பயின்றனர். கைக்கெட்டிய கணினி போர்ட்ரானை ஏற்றது. செய்ய வேண்டிய பணி அறிவியல் கணக்கு. கற்பிக்க ஆசிரியர் இருந்தார். இம்மூன்றும் கூடியதால் தேர்வு எளிதாயிற்று.

1970இல் நிக்லாஸ் விர்த் மாணவர்க்கு நன்னெறி பயிற்றும் நோக்குடன் பாஸ்கல் மொழியை வெளியிட்டார். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழி, கணினியின் நினைவகத்தையே நிரலர் கையில் ஒப்படைத்தது. அதன் விரைவு உலகை ஈர்த்தது. அதன் உரிமையோ ஆபத்தையும் உடன்கொண்டு வந்தது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்னும் தீநிரல் இணையத்தில் பரவியபோது, அது நுழைந்த வழிகளுள் ஒன்று, சி மொழி நிரலொன்று உள்ளீட்டின் நீளத்தை அளவிடாமல் ஏற்றுக்கொண்டதாகும்.

அத்தகைய ஆபத்துகள் பலவற்றைத் தொகுக்கும்போதே தடுக்க முனைந்தது ரஸ்ட். அதன் முதல் நிலையான பதிப்பு 2015இல் வெளிவந்தது. கென் தாம்சன் உள்ளிட்ட மூவர் கூகுளில் வடிவமைத்த கோ மொழி 2009இல் அறிவிக்கப்பட்டது; எளிமையும் பல பணிகளை ஒருங்கே நடத்தும் ஆற்றலும் அதன் இயல்புகள். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் 2014இல் வந்தது.

தமிழ் மாணவர் இவற்றை ஒப்பிட, 'தமிழ்' என்ற சொல்லே உரைகல்லாகும். தமிழிலக்கணப்படி அதில் மூன்று எழுத்துகள். யூனிக்கோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகளாகப் பதினைந்து பைட்டுகள். சொல்லின் நீளத்தைக் கேட்டால் சி, கோ, ரஸ்ட் ஆகியவை இயல்பாகப் பதினைந்து என்னும். ஸ்விஃப்ட் மூன்று என்னும். முன்னவை சேமிப்பின் அளவைச் சொல்கின்றன. பின்னது கண் காணும் எழுத்தைச் சொல்கிறது. எதுவும் பிழையன்று. ஆனால் இவ்வேறுபாட்டை அறியாதவர் எழுதும் மென்பொருளில் தமிழ்ச் சொற்கள் இடையில் முறிந்து, புள்ளி இழந்து நிற்கும். அதைக் கண்டு திருத்தத் தமிழும் நிரலும் ஒருங்கே அறிந்தவர் வேண்டும்.

இதில் சிடாம் கிரி போன்ற ஊர்களின் எதிர்காலமும் அடங்கியுள்ளது. பால்மரத் தோட்டங்களில் உழைத்த தலைமுறையின் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலைகள் புதிய வாயிலைத் திறந்தன. 1972இல் பினாங்கில் இன்டெல் ஆலை தொடங்கியது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அவ்வாயிலில் பொறியை இயக்குபவராக நுழைவது ஒரு நிலை. பொறிக்குக் கட்டளை எழுதுபவராக நுழைவது வேறொரு நிலை. பின்னதற்கு வழி நிரலறிவே.

ஆகவே பயனை முன்வைத்துத் தேர்தல் நன்று. சில்லுகளையும் கருவிகளையும் நாடுபவர் சி மொழியில் தொடங்கி ரஸ்ட்டுக்குச் செல்லலாம். இணையப் பணிகளை நாடுபவருக்குக் கோ விரைவில் கைவரும். ஆப்பிள் கைப்பேசிச் செயலிகளை ஆக்க விரும்புபவருக்கு ஸ்விஃப்ட் உரியது. 1963இல் கணினி நிற்கும் கழகத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று இவற்றின் தொகுப்பிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஸ்விஃப்ட்டை ஆப்பிள் அல்லாத கணினியிலும் பயிலலாம். ஆண்டுக்கொரு மொழியைத் தொட்டு விடுவதினும், ஒன்றைத் தேர்ந்து, தொகுப்பி சுட்டும் பிழைகளைப் பொறுமையோடு திருத்திப் பழகுவதே பயன் தரும். கான்பூரில் கணினியும் பணியும் ஆசிரியரும் ஒருங்கே அமைந்தனர். தோட்டப்புற மாணவர்க்கு முதலிரண்டும் இன்று எட்டும் தொலைவில் உள்ளன. மூன்றாவதாகிய ஆசிரியரை அளிப்பது தமிழ்ச் சமூகத்தின் கடமையாகும்.