தொட்டியில் பெருகி ஏரியில் அருகிய மீன்

வீட்டுத் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் விடுபவர்களுக்கு சவுலோசி என்ற பெயர் தெரிந்திருக்கும். பெண் மீன்கள் நல்ல மஞ்சள். ஆண் மீன் வளர வளர நீலமாகி, உடம்பில் கறுப்புப் பட்டைகள் போடும். ஒரே வகையை விட்டாலே இரண்டு வகை விட்டது போல இருக்கும்! ஆனால் இந்த மீனுக்குச் சொந்த ஊர் என்று உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பாறைத்திட்டுதான்.

மலாவி ஏரி சுமார் 580 கி.மீ. நீளம், 700 மீட்டர் ஆழம். பல நூறு வகை சிக்லிட்கள் அதில் மட்டுமே இருக்கின்றன. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் கூட்டத்துக்கு ம்புனா என்று பெயர். 1950களில் ஜெஃப்ரி ஃப்ரையர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ங்காட்டா பே பகுதியில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். ம்புனா பாறையை விட்டு நகராது. நடுவில் மணல்வெளி வந்துவிட்டால் அதைத் தாண்டிப் போகாது. அதனால்தான் திட்டுக்குத் திட்டு நிறமும் வகையும் மாறுகின்றன.

1960களில் ஏற்றுமதி தொடங்கியது. கடல் மீனின் நிறம், ஆனால் உப்புத் தண்ணீர் வேண்டாம் என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்? வாங்கியவர்கள் முதலில் பட்டது அடி. தொட்டியில் ஒரு ஆண் மற்றவற்றை விரட்டி விரட்டியே கொன்றுவிடும். கொஞ்சம் நெருக்கமாக விட்டால் சண்டை பலர் மேல் பங்கிடப்படும், ஒரு ஆணுக்கு நாலைந்து பெண்கள் வேண்டும், நிறையப் பாறை, காரத்தன்மையுள்ள கடினநீர் வேண்டும் என்பதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள்.

1970களில் பெரிய ஏற்றுமதியாளராக வளர்ந்தவர் ஸ்டூவர்ட் கிராண்ட். அவருடைய முக்குளிப்பாளர் சவுலோஸ் ம்வாலே. 1990ல் ஆட் கோனிங்ஸ் ஒரு புது மீனை விவரித்தபோது அவர் பெயரையே வைத்தார். முதலாளி பெயரை விட்டுவிட்டு முக்குளித்தவர் பெயரை வைத்தது நியாயம்தான். சிசுமுலு தீவுக்கு அருகே நீருக்குள் இருக்கும் தைவான் ரீஃப் என்ற திட்டுதான் அதன் ஊர்.

இங்கேதான் வணிகவியல் பாடம் உதைக்கிறது. ஒரு பொருள் அருகினால் விலை ஏறும், ஏறிய விலை எச்சரிக்கும் என்று படிக்கிறோம். சவுலோசி விஷயத்தில் அந்த மணி அடிக்கவே இல்லை. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே மூன்று வாரம் போல அடைகாத்துக் குஞ்சாக வெளியே விடும். தொட்டியிலேயே சுலபமாகப் பெருகும். எனவே கடைகளில் தாராளம். அதே சமயம் 'காட்டு மீன்' என்ற முத்திரைக்குத் தனி மவுசு இருந்ததால் திட்டிலும் வலை வீசுவது நிற்கவில்லை. சின்னத் திட்டு. வெளியிலிருந்து புது மீன் வந்து சேரவும் வழியில்லை. 2018ல் ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியல் இதை மிக அருகிய இனமாகக் குறித்தது.

வீட்டுத் தொட்டி மீன்களைத் திருப்பி விட்டால் போயிற்று என்று தோன்றும். கலந்து வளர்க்கும் தொட்டிகளில் ம்புனாக்கள் ஒன்றோடொன்று இனம் கலக்கும். கடையில் வாங்கியது கலப்பா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

ஏரியின் தென்பகுதியில் 1980ல் அமைத்த தேசியப் பூங்காவை 1984ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. மீன்களைக் காப்பாற்ற அமைத்த பூங்காதான். தைவான் ரீஃப் அதன் எல்லைக்குள் வரவில்லை.