பேன்ட் சைஸ் 34... ஆனா உங்க இடுப்பும் 34 தானா?

காலேஜ் படிக்கும்போது 34. வேலைக்குப் போனப்பவும் 34. கல்யாணம் முடிஞ்சு, தொப்பை எட்டிப் பார்க்க ஆரம்பிச்ச பிறகும் அதே 34. 'நான் அப்படியேதான்டா இருக்கேன்' என்று சொல்லிக்கொள்ளும் ஆண்களில் நீங்களும் ஒருவரா? உங்கள் பேன்ட் சைஸ் மாறவில்லை, சரி. பேன்ட் நிற்கும் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள்.

எந்த உடையும் இடுப்பில் நிற்க வேண்டுமென்றால், அதற்குக் கீழே கொஞ்சம் அகலமான இடம் வேண்டும். பெண்களுக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே உடம்பு குறுகி, கீழே விரியும். அதனால் பாவாடை நாடா அங்கேயே சிக்கென்று நிற்கும். ஆண்களுக்கு அந்த வளைவு குறைவு. தொப்பை வந்துவிட்டால் சரிவில் பெல்ட் நிற்காது. வழுக்கிக்கொண்டு தொப்பைக்கு அடியில் போய், இடுப்பெலும்பைப் பிடித்துக்கொள்ளும். அங்கே சுற்றளவு பெரிதாகக் கூடியிருக்காது. அதனால்தான் அதே 34!

பரமத்தி வேலூர் பக்கம் வாழைத்தார் ஏலத்துக்கோ, பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்துக்கோ போனால் இதை நேரிலேயே பார்க்கலாம். வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட், அதிலேயே பணம் வைக்கப் பர்ஸ். காவிரிக்கரை வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்து ஒல்லியாக இருக்கும் பெரியவருக்கு அந்த பெல்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும். உட்கார்ந்தே வியாபாரம் பார்க்கிறவருக்கு ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும். வேட்டிக்கு சைஸ் கிடையாது. அதனால் பொய் சொல்லவும் தெரியாது. இன்னும் நம்பகமான ஆள் ஒருவர் இருக்கிறார்: அருணாக்கயிறு. ஒவ்வொரு முறை புதுசு கட்டும்போதும் நீளம் கூடிக்கொண்டே போகுதுன்னா, புரிஞ்சுக்கோங்க.

டாக்டர்கள் 'இடுப்பளவு' என்று சொல்வது பேன்ட் நிற்கும் இடத்தை அல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை இது: கடைசி விலா எலும்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, அது போட்டோவுக்கு மட்டும்! இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ (சுமார் 35.5 இன்ச்), பெண்களில் 80 செ.மீ (31.5 இன்ச்) என்பதுதான் எச்சரிக்கைக் கோடு. அதைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் ஆபத்து கூடும். கை, கால் ஒல்லியாக இருந்தும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது நம் ஊர் உடல்வாகு. அதனால் எடை மெஷினை மட்டும் நம்ப முடியாது.

பெண்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. நாடா இறங்குவதில்லை, அதே இடத்தில் வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கிறது. வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் அரிப்பு, கறுத்த தழும்பு, சிலருக்குப் புண். 1945-லேயே மும்பையைச் சேர்ந்த மருத்துவர்கள் கனோல்கரும் சூரியபாயும், வேட்டி இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் தோல் புற்றுநோயைப் பதிவு செய்தார்கள். 2024-ல் மகாராஷ்டிரா, பீகார் டாக்டர்கள் இரண்டு பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் 70 வயதுப் பாட்டி. 18 மாதமாகப் புண் ஆறவே இல்லை. பயப்பட வேண்டாம், இது ரொம்பவே அரிது. ஆனால் நாடாத் தடத்தில் ஆறாத புண் இருந்தால், 'தேங்காய் எண்ணெய் தடவினா சரியாப் போயிடும்' என்று அம்மாவோ அப்பத்தாவோ சொன்னாலும் கேட்காமல் தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பெரும்பாலும் அவர்கள் வெளியே சொல்லவே மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மெல்லிய கயிறு நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைக்கச் சொல்லலாம். முடிச்சுப் போடும் இடத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் மாற்றலாம். வீட்டில் இருக்கும்போது தளர்த்தி விடலாம். கல்யாண வீட்டில் புடவை நழுவும் என்று பயந்து இழுத்துக் கட்டினாலும், வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்துவிடுங்கள்.

லோ ஹிப் ஜீன்ஸ் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இடுப்பெலும்பை அழுத்தும் டைட்டான ஜீன்ஸும் பெல்ட்டும், தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகும் நரம்பை நசுக்கலாம். அங்கே மரத்துப்போன மாதிரி, எரிகிற மாதிரி இருந்தால் முதலில் ஜீன்ஸை மாற்றிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த முறை டெய்லரிடம் அளவு கொடுக்கும்போது, 'எங்க கட்டுவீங்க?' என்று அவர் கேட்பார். அவருக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள். அப்படியே அதே டேப்பை வாங்கி, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு சுற்று சுற்றி, அந்த நம்பரைப் போனில் குறித்துவையுங்கள்.