மரம் அறுத்தவரின் இருதயம்

1768-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஒரு நோயை விவரித்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் வலி, நின்றதும் மறைந்துவிடும். 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று அதற்குப் பெயரிட்டார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1802-ல், வெளிவந்த அவரது நூலில் வியப்பான குறிப்பொன்று உண்டு: இந்நோயுற்ற ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து வந்தார், ஏறக்குறையக் குணமடைந்தார்!

உழைப்பால் வரும் வலி உழைப்பாலேயே தணிவது எப்படி? தெளிவான விடைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலோ, மாரடைப்பு கண்டவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தினர்.

1967-ல் வெளியான ஓர் ஆய்வு வழிகாட்டியது. நிமிடத்துக்கு எத்தனை இருதயத் துடிப்பு என்பதை மேல் இரத்த அழுத்தத்தால் பெருக்குங்கள். இருதயத் தசைக்கு வேண்டிய ஆக்சிஜனுக்கு இப்பெருக்கற்பலன் ஓர் அளவுகோல். ஒரே நோயாளிக்கு இது ஏறத்தாழ ஒரே எல்லையை எட்டும்போதுதான் வலி தோன்றுகிறது. அந்த எல்லை 18,000 எனக் கொள்வோம். மாடிப்படி ஏறுகையில் துடிப்பு 120, அழுத்தம் 150 என்றால் எல்லை வந்துவிட்டது. பல வாரப் பயிற்சிக்குப் பின் கால் தசைகள் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைத் திறம்படப் பெறுகின்றன. துடிப்பை ஆளும் நரம்புகளின் போக்கும் மாறுகிறது. அதே படிகளுக்குத் துடிப்பு 100 போதும். 100 × 150 = 15,000. வலி இல்லை!

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இரத்தக் குழாயின் அடைப்பு நீங்கிவிடவில்லை. இருதயத்தின் தேவைதான் குறைந்தது. ஆகவே பயிற்சியின் அளவை மருத்துவரே சோதித்துச் சொல்லவேண்டும். ஓய்விலும் வலி வந்தால் பயிற்சி கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.