உறையூரும் யவன வாணிகமும்

உய்யக்கொண்டான் வாய்க்கால் ஊடறுத்துச் செல்லும் பாலக்கரையினின்று மேற்கே சில கல் தொலைவில் உள்ளது உறையூர். சங்ககாலச் சோழர் தலைநகராகிய அவ்வூரில் உரோமர் விட்டுச் சென்ற எச்சங்களைக் காண விழைந்து வருவோர் உளர். அன்னார் கண்ணிற்படுவன பஞ்சவர்ணேசுவரர் கோயிலும், நாச்சியார் கோயிலும், வெக்காளியம்மன் கோயிலும், நெருங்கிய தெருக்களுமே. யவனர் எடுத்த மதிலோ மண்டபமோ ஈண்டு இல்லை. எனினும் யவன வாணிகத்திற்கு உறையூர் சான்று பகரவில்லை எனல் பொருந்தாது. அச்சான்று யாது என்பதே ஆராயற்பாலது.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை இவ்வூரில் அகழ்வாராய்ச்சி நிகழ்த்தினர். கறுப்பு சிவப்பு மட்கலங்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், உட்புறத்தில் சிறு புள்ளிவரிகள் வட்டமாய் அமைந்த 'ரௌலட்டட்' கலங்களும் வெளிப்பட்டன. உறையூரை யவனரோடு பிணைத்தற்கு இறுதியிற் கூறிய கலங்களே பெரிதும் எடுத்துக்காட்டப் பெற்றன. அதற்குக் காரணம் அரிக்கமேடு. 1945-இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலி நாட்டு அரிட்டைன் கலங்களோடும் ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகளோடும் இவ்வகை ஓடுகளையும் ஒருங்கே கண்டு, இவையும் மத்தியதரைக் கடல் நாட்டுத் தொடர்புடையன என்று கொண்டார். ஆனால் விமலா பெக்லி 1988-இல் வெளியிட்ட ஆய்வும், பின்னர் நிகழ்ந்த மண் பகுப்பாய்வுகளும் இவை இந்திய நாட்டிலேயே வனையப்பட்டன எனக் காட்டின. ஆகவே இவ்வோடு கிடைத்த ஊரெல்லாம் யவனர் குடியிருப்பு என்னும் கொள்கை நிலைபெறாது. அதனை இன்றும் எடுத்தாளுவோர் உளராதல் வருந்தத்தக்கது.

உறையூரின் உண்மைச் சான்று அங்குக் கிடைத்த செங்கல் தொட்டியே என்பது எம் கருத்து. துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டி அது என்பது அகழ்ந்தோர் துணிபு. கி. பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுந்த பெரிப்ளஸ் என்னும் கிரேக்க நூல், கொற்கையைக் கூறியபின், கடற்கரைக்கு உள்ளே அமைந்த 'அர்கரு' என்னும் பகுதியைச் சுட்டி, அப்பெயராலேயே வழங்கிய மெல்லிய துணிகள் அங்கிருந்து ஏற்றுமதியாயின என்கின்றது. ஒலியொப்புமை ஒன்றையே பற்றி அதனை உறையூர் எனத் துணிதல் தகாது. தாலமி என்பார் சோழர் கோநகரை 'ஒர்த்தூரா' என வேறு வடிவில் எழுதுகின்றார். எனினும் அந்நூல் கொற்கைக்குப் பின்னும் கமரா முதலிய துறைகட்கு முன்னும் அர்கருவை வைத்தமையும், அது உள்நாடாதலும், துணிக்குப் பெயர் பெற்றமையும், சாயத் தொட்டியும் ஒருங்குவைத்து நோக்கின் அம்முடிபு வலிபெறும். கரிகாலன் பொருநனுக்கு அளித்த ஆடை பாம்புரி போன்றது எனப் பொருநராற்றுப்படை கூறுவதைப் புலவர் புனைந்துரை என ஒதுக்குவார், அயல்நாட்டு வணிகன் எழுதிய இக்குறிப்பையும் உடன்வைத்து எண்ணுவாராக.

உரோமர் காசு காண விரும்புவோர் காவிரிக்கரை வழியே கரூருக்குச் செல்லுதல் வேண்டும். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் அப்பகுதியிற் கிடைத்துள்ளன. ஆனால் அவையெல்லாம் துணிக்கு விலையாய் வந்தன எனக் கருதற்க. மேலைக்கரை மிளகும் கொங்கு நாட்டு மணிக்கற்களும் அவ்வாணிகத்தில் இடம்பெற்றன.

துணியோ நம் ஈரமண்ணில் எஞ்சாது. எகிப்தின் செங்கடல் துறையாகிய பெரனிகேயில் 1994 முதல் நடைபெற்ற அகழ்வுகளில், இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் வறண்ட மணலில் அழியாது கிடைத்துள்ளன. உறையூர் நெசவை இனித் தேடவேண்டிய இடம் அதுவே.