விதி ஜெனீவாவில், வலை மரக்காணத்தில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர் கண்ணில் முதலில் படுவது உப்பளங்களே. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. பன்னாட்டு வணிக விதிகள் இக்கடற்கரைக்குப் புதியவை அல்ல.

1815 மார்ச் 7 அன்று பிரிட்டனும் பிரான்ஸும் லண்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில், உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தர அவர்கள் ஒப்பினர். 1818-இல் மற்றோர் உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பகுதியில் உப்பு உற்பத்தியே நிறுத்தப்பட்டது. கையெழுத்திட்டவர்கள் அதிகாரிகள், தொழிலை இழந்தவர்கள் மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரிக் கடலோரத்து அளத் தொழிலாளர்கள்.

இரண்டு நூற்றாண்டுகள் கடந்து, உப்பின் இடத்தில் இன்று இறால் நிற்கிறது.

இழுவலைகளில் கடலாமைகள் சிக்கி மடிவதைத் தடுக்க, 1989-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. ஆமை விலக்குக் கருவி பொருத்தாத இழுவலையில் பிடிபட்ட இறாலை இறக்குமதி செய்யக்கூடாது என்பது அதன் சாரம். வலைக்குள் பொருத்தப்படும் கம்பிச் சட்டமே அக்கருவி. இறால் அதன் இடைவெளியில் புகுந்து வலையின் முனைக்குச் செல்லும், ஆமை தடுக்கப்பட்டுத் திறப்பின் வழியே வெளியேறும். 1996-இல் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் இத்தடையை எதிர்த்து உலக வணிக அமைப்பில் முறையிட்டன. 1998-இல் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. ஆமைகளைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கது. நாடுகளிடையே பாகுபாடு காட்டி அதைச் செயல்படுத்திய முறை தவறு என்றது அத்தீர்ப்பு. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது; சட்டத்தைக் கைவிடவில்லை.

இவ்வழக்கைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் நான். வளரும் நாடுகளின் வெற்றி என்றே மாணவர்களுக்குச் சொன்னேன். நம் கடலில் வலை மாறியதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. 2019-இல், இந்தியாவின் ஆமைப் பாதுகாப்பு நடைமுறை போதுமானதன்று எனக் கூறி, கடலில் பிடிக்கப்படும் இந்திய இறாலுக்கு அமெரிக்கா கதவை அடைத்தது. பண்ணை இறாலுக்குத் தடையில்லை. வழக்கில் வென்ற நாம் வலையில் தோற்றோம்.

ஏன் தோற்றோம்? கருவி இல்லாமல் அல்ல. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ற ஆமை விலக்குக் கருவியை வடிவமைத்துள்ளது. சட்டம் இல்லாமலும் அல்ல. கடலாமை, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 முதல் நடைமுறையில் உள்ளது. குறை வேறிடத்தில் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். ஆட்சிக்கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடித்தல் மத்தியப் பட்டியலில் 57-ஆவது இனம். அதற்கு அடுத்த 58-ஆவது இனம் உப்பு. அயல்நாட்டு வணிகமும் மத்திய அரசுக்குரியது. ஆக, உலகுக்கு வாக்களிப்பது தில்லி. 12 கடல் மைல் எல்லைக்குள் அவ்வாக்கைக் காப்பாற்ற வேண்டியது சென்னை. ஏற்றுமதியைக் கவனிப்பது வணிக அமைச்சகத்தின் கீழுள்ள கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். தரத்தைச் சோதிப்பது ஏற்றுமதி ஆய்வுக் குழு. படகைப் பதிவு செய்வது மாநில மீன்வளத் துறை. ஆமை வனத் துறையின் பொறுப்பு. கடலைக் காவல் காப்பவை கடலோரக் காவல்படையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும். இவற்றுள் ஒன்று தவறினாலும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. தவறு யாருடையது என்று சுட்டவும் வழியில்லை.

2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டை மாவட்டக் கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே விசாரணையைத் தொடங்கியது. அதன்பின்னரே கூட்டு ரோந்து வேகம் பெற்றது. ஆமைகள் ஆண்டுதோறும் அதே பருவத்தில்தான் வருகின்றன. அவற்றின் வருகை எந்தத் துறைக்கும் திடீர்ச் செய்தியன்று.

அண்மையில் மரக்காணம் பகுதிக் குப்பம் ஒன்றில் சில மீனவர்களுடன் பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாலோர் கண்ணாடியிழைப் படகில் சென்று, கையால் வலை இழுப்பவர்கள். 'இழுவலையே எங்களிடம் இல்லை, ஐயா. எங்கள் இறாலையும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?' என்றார் முதியவர் ஒருவர். உடனே என்னால் விடை கூற இயலவில்லை. வீடு திரும்பி விதியைப் படித்தபோது வியப்பு காத்திருந்தது. இயந்திர உதவியின்றிக் கையால் வலையை இழுத்துப் பிடித்த இறாலுக்கு அந்த அமெரிக்க விதியிலேயே விலக்கு உண்டு. ஆனால் அவ்வாறுதான் பிடிக்கப்பட்டது என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு அலுவலர் உறுதியளிக்க வேண்டும்.

அந்த உறுதியை எவர் அளிப்பது? படகின் பதிவு ஒரு துறையிடம். கரையில் இறங்கிய இறாலின் கணக்கு வேறோரிடத்தில், பெரும்பாலும் வணிகரின் நோட்டில். சான்றளிக்கும் அதிகாரம் மூன்றாவதோர் அமைப்பிடம். கரையிலேயே இழுவலை இறாலும் கைவலை இறாலும் ஒரே கூடையில் கலந்துவிட்டால், உறுதியளிக்க எவராலும் இயலாது. திறந்திருக்கும் கதவு சிறு மீனவருக்கு மட்டும் மூடிக்கிடப்பது இதனால்தான். கைவலையிலும் ஆமை சிக்குவதுண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைப் பதிவு செய்து, உயிருடன் விடுவிக்கும் பழக்கத்தை வளர்த்தால் நம் உறுதிமொழிக்கு வலிமை கூடும்.

துறைகளை ஒருங்கிணைக்கும் முன்மாதிரி நம்மிடமே உள்ளது. உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க உடன்பாடு 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. எல்லைப்புற அமைப்புகள் தம்முள் ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் எட்டாவது பிரிவு. அதற்கென அமைச்சரவைச் செயலர் தலைமையில் 2016-இலேயே தேசியக் குழு அமைக்கப்பட்டது. அதன் கவனம் துறைமுகத்திலும் சுங்கச் சாவடியிலும் இருக்கிறது. மீன் இறங்கும் கரை வரை அது நீள வேண்டும்.

கடலோர மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் மேற்கண்ட துறைகள் யாவும் அமரும் நிலைக்குழு ஒன்று வேண்டும். அது ஆமைப் பருவத்துக்கு முன்பே கூட வேண்டும். படகுப் பதிவு, வலை வகை, கரையிறங்கிய அளவு ஆகியவை ஒரே பதிவேட்டில் சேர வேண்டும். ஆமை விலக்குக் கருவிக்கான செலவையும், அதனால் நேரும் மீன் இழப்பையும் தொடக்க ஆண்டுகளில் அரசே ஏற்க வேண்டும். தண்டனையை மட்டும் நம்பினால், கரையில் பொருத்தப்படும் கருவி கடலில் கழற்றப்படும்.

1815-இல் இக்கடற்கரை மக்களை எவரும் கலந்து பேசவில்லை. அன்று ஆண்டவர்கள் அந்நியர். இன்று விதியைப் பேசி முடிப்பவர்களும் நம்மவர்கள், அதைச் செயல்படுத்துபவர்களும் நம்மவர்கள். அந்த முதியவரின் கேள்விக்கு விடை சொல்லும் கடமை அவர்களுக்கு இருக்கிறது.